டர்பன் பக்கம் கால்நடை கிளினிக்ல நின்னு பாக்க இடம் கிடைக்குமா?

என் மனைவி தமிழ்நாட்டுல கால்நடை டாக்டர், கல்யாணமாகி சாட்ஸ்வொர்த் வந்து ஒரு வருஷம் ஆச்சு. இங்க 1982 சட்டப்படி தென்னாப்பிரிக்க கால்நடை மருத்துவ கவுன்சில்ல பதிவு இல்லாம வைத்தியம் பாக்க முடியாது, அவங்க இந்திய டிகிரிக்கு கவுன்சில் பரீட்சை எழுதி பாஸ் பண்ணணும். அது நியாயந்தான், அதுல சண்டை இல்ல.

சிக்கல் என்னன்னா மாடு எருமைன்னா கண்ண மூடிட்டு பாப்பாங்க, ஆனா இங்க உண்ணியால மாட்டுக்கு வர்ற ஹார்ட்வாட்டர், கொசுவ விட சின்ன பூச்சி கடிச்சு குதிரைக்கு வர்ற ஆப்பிரிக்கன் ஹார்ஸ் சிக்னெஸ் இதெல்லாம் ஊர்ல புத்தகத்துல படிச்சதோட சரி. நாய்க்கு வர்ற பிலியரி மட்டும் பழக்கம்.

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், பைன்டவுன்னு கிளினிக்கா ஏறி இறங்கி, சம்பளமே வேணாம் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்னு கேட்டாச்சு, பதிவு நம்பர் இல்லன்னா உள்ள விடமாட்டோம்ங்கறாங்க. மெயிலுக்கு பதிலே இல்ல. கால்நடை டாக்டர் படிப்பு நாட்டுலயே பிரிட்டோரியா பக்கம் ஓண்டர்ஸ்டெபூர்ட்ல மட்டும்தான், கைக்குழந்தைய வச்சுட்டு அங்க போய் தங்க வழியில்ல (மாமியாரும் ஊர்ல இருக்காங்க).

டர்பன்ல இருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைக்கும், பரீட்சைக்கு படிக்கிற வெளிநாட்டு டாக்டர கூட நிக்க விடுற கிளினிக்கோ பண்ணைக்கு போற டாக்டரோ யாருக்காவது தெரியுமா?