காதலை விட நட்புதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது

முதல் காதல்தான் பின்னாடி வர்ற வாழ்க்கையைத் தீர்மானிக்கும்னு இங்க நிறையப் பேர் எழுதியிருக்கீங்க. என் அனுபவம் வேற. பத்தாவதுல டியூஷன்ல ஒரு பையனைப் பிடிச்சிருந்தது. டியூஷன் முடிஞ்சதும் அதுவும் போயிடுச்சு. மனசுல நின்னவ என் பெஞ்ச் தோழி.

எங்க வீட்ல அப்பாவுக்குக் கோபம் வந்தா நாள் கணக்குல பேச்சு இருக்காது. அவளோ மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து, தயிர் சாதத்துல பாதியை என் மூடியில வெச்சுட்டு, "நீ அவகிட்ட என்னைப் பத்திச் சொன்னது எனக்குப் பிடிக்கலை. சாப்பிடு, அப்புறம் பேசுவோம்"னு சொல்லுவா. கோபமா இருக்கிற ஆளும் நம்மள விட்டுப் போகமாட்டாங்கன்னு அப்பதான் தெரிஞ்சது. இன்னிக்கு வீட்டுக்காரர்கூட செலவு விஷயத்துல சண்டை வந்தா, "எனக்கு வருத்தம்தான், ஆனா பேசி முடிப்போம்"னு சொல்ல என்னால முடியுது.

அமெரிக்காவுல வர்ஜீனியா பல்கலைக்கழகத்துல உளவியல் பேராசிரியர் ஜோசப் ஆலன் குழுவினர் 165 பேரை 13 வயசுலேர்ந்து 30 வரைக்கும் தொடர்ந்து கவனிச்சிருக்காங்க. பெரியவங்களானதும் துணையோட திருப்தியா வாழ்றதை முன்கூட்டியே காட்டினது பதின்வயசுக் காதல் இல்லை, அந்த வயசு நட்புகள்ல பழகின விதம்தான். படிச்சதும் அவளுக்குத்தான் முதல்ல போன் பண்ணினேன்.

*

அக்கா, எனக்கு இதோட மறுபக்கம். நாமக்கல் பக்கம் ஹாஸ்டல்ல பிளஸ் டூ. வாரம் ஒரு போன், அதுவும் வார்டன் பக்கத்துலயே நிப்பார். அழுதா மத்த பசங்க மாசக்கணக்குல கிண்டல் பண்ணுவாங்க. மார்க் குறைஞ்சாலும், வீட்டு ஞாபகம் வந்தாலும் போர்வையை இழுத்து மூடிக்குவோம். அந்த இடத்துல தாக்குப்பிடிக்க அதுதான் வழி, அந்தப் பசங்களைக் குறை சொல்லமாட்டேன்.

கல்யாணத்துக்கு அப்புறம், "என்னாச்சு?"ன்னு மனைவி கேட்டாலே "ஒண்ணுமில்லை"ன்னுதான் வாய்ல வரும். நான் ஒதுங்க ஒதுங்க அவ விடாம கேப்பா, நான் இன்னும் ஒதுங்குவேன். ரெண்டு பேரும் கவுன்சிலிங் போனோம். குழந்தைக்கும் தாய்க்கும் உள்ள பிணைப்பைப் பத்தி மனநல மருத்துவர் பௌல்பி சொன்னதை, 1987ல ஹசான், ஷேவர்ங்கிற ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் காதலுக்கும் பொருத்திப் பார்த்த விஷயத்தை அங்கதான் கேட்டேன். நெருக்கம் வந்தாலே விலகுற ஆட்களையும் அவங்க ஒரு வகையா சொல்லியிருக்காங்க. அது மாறக்கூடியதுன்னு கவுன்சிலர் சொன்னப்போதான் எனக்கு மூச்சே வந்தது.

எங்களுக்கு உதவினது ஒண்ணுதான்: பேச முடியலைன்னா எப்போ பேசுவேன்னு நேரம் சொல்லணும். "நெஞ்சு அடைக்குது, சாப்பிட்டதும் சொல்றேன்"னு சொல்லிட்டு, சாப்பிட்டதும் நானே போய் ஆரம்பிக்கணும். நேரம் தெரிஞ்சா அவளும் பொறுமையா இருக்கா. போன மாசம் சம்பளம் தள்ளிப்போகுதுன்னு தெரிஞ்ச அன்னிக்கே அவகிட்ட சொல்லிட்டேன்.