புதுப்பிப்பு: ரோபோ பிள்ளைகளுக்கு உதவி கேட்டிருந்தேனே, அது

போன மாசம் எங்க ஊர் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நாலு பேர் தரையில் போட்ட கோட்டின் மேலேயே ஓடும் ரோபோ செய்ய உதவி கேட்டு எழுதியிருந்தேன். பணம் சேர்ந்தது, பொருளும் வாங்கியாச்சு. பணம் கொடுத்தவர்களுக்கெல்லாம் ரசீதைத் தனியாக அனுப்பிவிட்டேன்.

ஒரு தப்பு என்னுடையது. மலிவாக இருக்கிறதே என்று எல்298என் மோட்டார் டிரைவரை (பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்குக் கொடுத்து ஓட்டும் சின்ன போர்டு) வாங்கிக் கொடுத்தேன். வண்டி நகரவே அழுதது. ஒன்பதாவது படிக்கும் பெண் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, பேட்டரில 7.4 வோல்ட் இருக்கு, மோட்டாருக்கு 5.5தான் வருது. மீதியை இதுவே குடிச்சிருது" என்றாள். தொட்டேன், சுட்டது. அதை எடுத்துவிட்டு டிபி6612 என்ற வேறு டிரைவரை மாற்றியதும் வண்டி பறக்கிறது!

"இந்தப் பிள்ளைகள் இன்ஜினியரிங் சேர்ந்தால் பீஸ் யார் கட்டுவது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் படிப்பு, விடுதிக் கட்டணம் அரசு பொறுப்பு. அதற்கு இப்போது வசூல் வேண்டாம்.

ரோபோவுக்கு புரோகிராம் எழுத ஒரு பழைய லேப்டாப் இருந்தால் சொல்லுங்கள். சார்ஜர் வேலை செய்யணும், அவ்வளவுதான்.