பம்பருக்கு ஒரு சொல் போதாது: காப்புரிமை ஆய்வுக்கான கலைச்சொற்கள் பற்றி

வணக்கம்.

பம்பர் வடிவமைப்புக்கான காப்புரிமை ஆய்வைத் தமிழில் எழுத, பம்பருக்கு என்ன சொல் வைக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தார்கள். இதுவரை வந்த ‘இடிதாங்கி’, ‘அதிர்வுதாங்கி’, ‘முட்டுத்தாங்கி’, ‘மோதுதாங்கி’ ஆகியவற்றில் ‘மோதுதாங்கி’க்குத்தான் ஆதரவு அதிகம் தெரிகிறது. அன்றாடப் பேச்சுக்கு என்றால் நான் இதில் தலையிட மாட்டேன். வண்டி பழுது பார்க்கிறவர்கள் பம்பர் என்றுதான் சொல்கிறார்கள், அது அப்படியே இருக்கட்டும். ஆனால் இங்கே சொல் கேட்கப்பட்டது காப்புரிமை ஆய்வுக்காக, அதாவது ஒரு கண்டுபிடிப்புக்கு உரிமை தரலாமா என்று விண்ணப்பத்தைச் சோதிக்கும் வேலைக்காக. அங்கே சொல்லின் எல்லைதான் உரிமையின் எல்லை. உரிமைக்கோரலில் (எதற்கு உரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வரியில்) எழுதிய சொல் அகலமாக இருந்தால், ஏற்கெனவே இருக்கும் ஏதோ ஒரு பொருள் அதற்குள் வந்துவிடும், விண்ணப்பம் நிராகரிக்கப்படும். குறுகலாக இருந்தால் போட்டியாளர் சின்ன மாற்றம் ஒன்றைச் செய்து தப்பித்துக்கொள்வார். அதனால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பேச வேண்டும் என்று தோன்றுகிறது.

‘இடிதாங்கி’யை உடனே விட்டுவிடலாம். கட்டட உச்சியில் மின்னலுக்காக நிற்கும் கம்பிக்கு அது நிலைத்துவிட்ட பெயர். ‘அதிர்வுதாங்கி’ என்றதும் ஷாக் அப்சார்பர்தான் நினைவுக்கு வரும்; வண்டி ஆவணத்தில் இரண்டும் அடுத்தடுத்த பத்திகளில் வரக்கூடியவை. ‘முட்டுத்தாங்கி’யில் உள்ள முட்டை முட்டுக்கொடுப்பது என்று எடுத்துக்கொள்ள இடம் இருக்கிறது.

சரி, மோதுதாங்கிக்கு வருவோம். சுமைதாங்கி என்றால் சுமையைத் தாங்குவது. முன்னால் நிற்பது பெயர்ச்சொல். ‘மோது’ அப்படிப் பெயராக வழங்குவதில்லை. ஆகவே மோதுதாங்கி என்பதைப் பாய்புலி போல வினைத்தொகையாகத்தான் காது எடுத்துக்கொள்ளும்: மோதுகிற தாங்கி. நமக்கு வேண்டியது மோதலைத் தாங்குவது. ‘மோதல் தாங்கி’ என்று மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும். ஆனால் எனக்குப் பெரிதாக உறுத்துவது முதல் பாதி அல்ல, ‘தாங்கி’தான்.

இயந்திரவியலில் தாங்கி என்றாலே பேரிங். பம்பரை வண்டியோடு பிணைக்கும் பிராக்கெட்டையும் தாங்கி என்றே பலர் எழுதுகிறார்கள். உரிமைக்கோரல்களில் ஒரு பொருளை முதலில் முழுப்பெயரால் சொல்லிவிட்டு, அப்புறம் சுருக்கிச் சொல்வது வழக்கம். நான்காவது கோரலில் ‘மேற்படி தாங்கி’ என்று வந்தால் எந்தத் தாங்கி என்ற கேள்வி எழும். தெளிவில்லை என்று ஆய்வாளர் ஆட்சேபம் எழுத அதுவே போதும். (இந்த ‘மேற்படி’யை நம் பத்திர எழுத்தர்கள் நெடுங்காலமாக எவ்வளவு துல்லியமாகப் பயன்படுத்தி வருகிறார்கள்! காப்புரிமை எழுத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. தயவுசெய்து ‘கூறப்பட்ட’ என்று மாற்றாதீர்கள்.)

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. இன்றைய பம்பரின் வேலையே பாதிக்கு மேல் தாங்குவது அல்ல.

அமெரிக்காவில் 1973 மாடல் கார்களிலிருந்து ஒரு விதி வந்தது. மணிக்கு 5 மைல் வேகத்தில் முன்பக்கம் தடுப்பில் மோதினாலும் விளக்கு முதலான பாதுகாப்பு உறுப்புகள் கெடக்கூடாது. அதற்காகப் பல கார்களில் பம்பருக்குப் பின்னால் ஹைட்ராலிக் உருளைகளை வைத்தார்கள். அடி விழுந்தால் உள்ளே போய் மறுபடி வெளியே வரும். 1982-இல் அந்த வேகம் 2.5 மைலாகக் குறைக்கப்பட்டது. ஐ.நா.வின் வாகன விதிகளில் 42-ஆவது விதி, நேர்மோதலுக்கு மணிக்கு 4 கிலோமீட்டரும் மூலையில் 2.5 கிலோமீட்டரும் வைத்திருக்கிறது. இந்த வேகங்களுக்குத் தாங்கி என்ற சொல் பொருந்தும். ஆனால் பழுதுபார்க்கும் செலவை மதிப்பிடக் காப்பீட்டுத் துறை நடத்தும் மோதல் சோதனையின் வேகம் மணிக்கு 15 கிலோமீட்டர். 1,500 கிலோ எடையுள்ள கார் 4 கிலோமீட்டர் வேகத்தில் வரும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 930 ஜூல். 15 கிலோமீட்டரில் அது சுமார் 13,000 ஜூல், அதாவது 14 மடங்கு. அவ்வளவையும் விறைப்பாக நின்று தாங்கினால் அடி முழுவதும் பின்னால் இருக்கும் வண்டிக்கூட்டுக்கே போய்விடும். அந்த ஆற்றலை வழியிலேயே எங்காவது செலவழித்தாக வேண்டும்.

அதற்குத்தான் பம்பருக்கு உள்ளே குறுக்காக ஓடும் விறைப்பான உத்தரத்துக்கும் வண்டியின் நீளவாட்டுச் சட்டங்களுக்கும் நடுவில், இடம் வலமாக இரண்டு சிறிய உலோகப் பெட்டிகளை வைக்கிறார்கள். பெட்டியின் சுவரில் வேண்டுமென்றே அமுக்கிய பள்ளங்கள் இருக்கும். மோதும்போது மடிப்பு அந்தப் பள்ளத்தில் தொடங்கி, பெட்டி துருத்தி போல அடுக்கடுக்காக மடிந்து நசுங்குகிறது. ஆற்றலில் பெரும்பகுதி உலோகத்தை மடிப்பதிலேயே தீர்ந்துபோகிறது. அப்புறம் போல்ட்டைக் கழற்றி நசுங்கிய பெட்டியை மாற்றினால் போதும், நீளவாட்டுச் சட்டம் தப்பித்துவிடும். உருக்குலைவதுதான் இந்தப் பெட்டியின் வேலை. காப்புரிமைகளைப் பொருள்வாரியாகப் பிரித்து எண்ணிடும் சர்வதேசக் காப்புரிமை வகைப்பாட்டில், மோதலில் அழிந்துபோகிற, ஒரே முறை பயன்படுகிற பிணைப்புகளுக்கு பி60ஆர் 19/34 என்று தனி இடமே இருக்கிறது. நசுங்கிப்போவதையே தன் புதுமையாகக் கோருகிற கண்டுபிடிப்பின் தலைப்பில் ‘தாங்கி’ என்று எழுதுவது பொருளுக்கே முரண்.

அதே வகைப்பாட்டில் பம்பருக்கான தலைமை இடம் பி60ஆர் 19/02. அங்கே உள்ள வரையறையின் சாரம் இது: வண்டியைக் காக்க, அல்லது பிற வண்டிகளும் பொருள்களும் தரும் அடியை விலக்க, மோதலை ஏற்கும் அல்லது உட்கொள்ளும் உறுப்பு. என்ன பொருளால் ஆனது, எந்த வடிவம், வண்டியில் எங்கே இருக்கிறது என்று எதுவுமே சொல்லவில்லை. அது கவனமாகச் செய்த வேலை. சாலையைக் கூட்டும் தூரிகையோடு சேர்ந்த பம்பர், படுக்கையாக மாற்றக்கூடிய பம்பர் இவற்றுக்கும்கூட அந்த வகைப்பாட்டில் இடம் இருக்கிறது (19/48). இவற்றையெல்லாம் ஒரே குடைக்கீழ் கொண்டுவர ‘ஏற்பது’ என்ற வினையால்தான் முடியும்.

ஆகவே என் பரிந்துரை ‘மோதலேற்பி’. உயிரியலில் ஏற்பி (ரிசெப்டர்) என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது என்று ஆட்சேபம் வரலாம். ஆனால் உயிரணுச் சவ்வில் இருக்கும் ஏற்பியும் காரின் முன்னால் இருக்கும் ஏற்பியும் ஒரே ஆவணத்தில் சந்தித்துக்கொள்ளப் போவதில்லை. பேரிங்கும் பம்பரும் தினமும் சந்தித்துக்கொள்பவை. ‘மேற்படி ஏற்பி’ என்று சுருக்கினாலும் குழப்பம் வராது. தலைப்பிலும் சுருக்கத்திலும் பம்பர் என்ற சொல்லையும் சேர்த்தே எழுதலாம். தேடுகிறவர் அதைத்தான் தட்டச்சு செய்வார்.

மோதலேற்பி என்பது முழுத் தொகுதிக்கான பெயர். உள் உறுப்புகளுக்குத் தனித்தனிச் சொல் வேண்டும், ஏனென்றால் கண்டுபிடிப்புகள் பெரும்பாலும் அங்கேதான் நடக்கின்றன. வெளியே தெரியும் பிளாஸ்டிக் பாகத்துக்கு ‘மேலுறை’. முகப்புறை என்றால் பின்பக்கத்துக்குப் பொருந்தாது. அதற்குப் பின்னால் இருக்கும் நுரைப் பொருளுக்கு ‘நுரையணை’. நடந்து செல்பவரின் காலில் பட்டால் முதலில் இளகிக்கொடுக்க வேண்டியது இதுதான். பெட்டிக்கு ‘நசுங்குபெட்டி’, நசுங்கும் பெட்டி என்று வினைத்தொகையாகவே சரியாக விரிகிறது.

குறுக்கே ஓடும் உத்தரத்துக்குத்தான் சிரமம். ‘விட்டம்’ நல்ல சொல், ஆனால் குழாயின் குறுக்களவுக்கும் விட்டம் என்றே எழுதுகிறோம். ‘60 மில்லிமீட்டர் விட்டம் உடைய விட்டம்’ என்ற வரியை யாரும் எழுத விரும்ப மாட்டார்கள். ‘குறுக்குச் சட்டம்’ என்றால், காப்புரிமைச் சட்டத்தின் பிரிவுகளை மேற்கோள் காட்டும் அறிக்கையில் எந்தச் சட்டம் என்று நின்று படிக்க வேண்டியிருக்கும். நீளவாட்டுச் சட்டம் என்று நானே மேலே எழுதியது விளக்கத்துக்குச் சரி, உரிமைக்கோரலில் அதையும் ‘நீளவாட்டு உத்தரம்’ ஆக்கிவிடலாம். ஆக, ‘குறுக்கு உத்தரம்’. இரண்டையும் பிரித்தே எழுத வேண்டும். சேர்த்து எழுதினால் தரம் என்ற சொல் காதில் விழுகிறது.

இனி, கேள்வியில் இருந்த இன்னொரு சொல்: வடிவமைப்பு. இதை யாரும் தொடவில்லை, ஆனால் சிக்கல் இதில்தான் அதிகம். ‘பம்பர் வடிவமைப்புக்குக் காப்புரிமை’ என்றால் எதை ஆய்வு செய்கிறார்கள்? அறிவுசார் சொத்துரிமை பற்றிய, உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் உடன்படிக்கை இரண்டு உரிமைகளைத் தனித்தனியாக வைக்கிறது. கண்டுபிடிப்புக்கான காப்புரிமை, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுக்குக் குறையாது. தொழில்துறை வடிவமைப்புக்கு 10 ஆண்டுக்குக் குறையாது. முதலாவதில் ஆய்வாளர் பார்ப்பது எப்படி வேலை செய்கிறது என்பதை. இரண்டாவதில் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதை மட்டும்.

காரின் முன்பக்க மேலுறையின் கீழ்ப்பகுதியில் காற்று நுழையும் திறப்பை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு எவ்வளவு என்பதை ரேடியேட்டரின் தேவை தீர்மானிக்கிறது. அதன் ஓரம் எந்தக் கோணத்தில் சாய்கிறது, நடுவில் எத்தனை பட்டைகள், மூலை கூர்மையா உருண்டையா என்பதெல்லாம் ஒருவர் தேர்ந்தெடுத்தது. தொழில்நுட்பத் தேவையே முடிவு செய்த அம்சங்களுக்கு வடிவமைப்புப் பாதுகாப்பு தர வேண்டியதில்லை என்று டிரிப்ஸ் 25-ஆவது பிரிவு நாடுகளுக்கு இடம் தருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இன்னொரு படி உண்டு: பெரிய பொருளின் உறுப்பாக இருப்பது, வழக்கமான பயன்பாட்டின்போது கண்ணுக்குத் தெரிய வேண்டும். மேலுறை தெரியும். குறுக்கு உத்தரமும் நசுங்குபெட்டியும் எவ்வளவு அழகாக இருந்தாலும் தெரியாது. ஒரே ‘பம்பர் வடிவமைப்பு’ என்ற தொடரில் பாதிக்கு ஒரு சட்டம், மீதிக்கு வேறொரு சட்டம்.

அதனால் பொறியாளர் செய்யும் வேலைக்கு வடிவமைப்பு என்ற சொல் இருக்கட்டும். பதிவு செய்யப்படும் உரிமைக்கு ‘தோற்ற வடிவம்’ என்று சொல்வோம். அமெரிக்காவில் இதையும் காப்புரிமை என்றே அழைக்கிறார்கள், வழங்கிய நாளிலிருந்து 15 ஆண்டு. அதைத் ‘தோற்றக் காப்புரிமை’ எனலாம்.

கடைசியாக ஆய்வு அறிக்கையில் தினமும் வரும் இரண்டு சொற்கள். விண்ணப்பத்துக்கு முன்பே உலகத்துக்குத் தெரிந்திருந்தவற்றைச் சிலர் ‘முன்கலை’ என்று எழுதுகிறார்கள். கலை என்றதும் வாசகர் வேறெங்கோ போய்விடுவார். ‘முன்வெளிப்பாடு’ என்று வைக்கலாம். வெளியானதா இல்லையா என்பதுதான் அங்கே கேள்வி. கார் தயாரிக்கும் ஃபெராரிக்கும், கார்களின் தோற்றத்தை மாற்றியமைத்துத் தரும் மான்சரி நிறுவனத்துக்கும் நடந்த வழக்கு நல்ல எடுத்துக்காட்டு. எஃப்எக்ஸ்எக்ஸ் கே காரின் இரண்டு படங்களை ஃபெராரி 2014 டிசம்பர் 2 அன்று பத்திரிகைக் குறிப்பில் வெளியிட்டது. முழுக் காரின் படம் வந்தால், பானட்டின் மேலுள்ள V வடிவ உறுப்பு, பம்பரோடு சேர்ந்த முன் ஸ்பாய்லர், இரண்டையும் நடுவில் இணைக்கும் பட்டை இவை அடங்கிய பகுதி தனியாக வெளிப்பட்டதாகுமா? அந்தப் பகுதி படத்தில் தெளிவாக அடையாளம் தெரிந்தால் ஆகும் என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 அக்டோபர் 28 அன்று சொன்னது. அங்கே கேள்வி, பதிவு செய்யாத அந்தத் தோற்றத்துக்கு வெளியீட்டாலேயே ஃபெராரிக்கு உரிமை பிறந்ததா என்பது. ஆனால் வெளிப்பாடு உரிமையைத் தரவும் செய்யும், கெடுக்கவும் செய்யும். இரண்டு பக்கத்துக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது.

இன்னொன்று, துறை அறிந்தவருக்கு எளிதில் தோன்றக்கூடியது என்ற கருத்து. இதற்கு ‘வெளிப்படையானது’ என்று எழுதும் பழக்கம் இருக்கிறது. முன்வெளிப்பாட்டை வைத்துக்கொண்டு இதையும் வைத்தால் ஆபத்து. வெளிப்படுத்தப்பட்டது என்றால் புதுமை போய்விட்டது என்று பொருள். வெளிப்படையானது என்றால், புதிதுதான் ஆனாலும் யாரும் செய்திருப்பார்கள் என்று பொருள். இரண்டும் வேறு ஆட்சேபம், வேறு பதில். 2024 மே 21 அன்று அமெரிக்கப் பெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாற்று உதிரிபாகம் விற்கும் எல்கேக்யூவுக்கும் கார் தயாரிக்கும் ஜெனரல் மோட்டார்ஸுக்கும் நடந்த வழக்கில் மாற்றியது இந்த இரண்டாவது சோதனையைத்தான், அதுவும் ஒரு மட்கார்டின் தோற்றத்துக்காக. ஏறத்தாழ அதே தோற்றமுள்ள முந்தைய பொருள் ஒன்று முதலில் கிடைத்தே ஆக வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை நீக்கியது. இந்தத் தீர்ப்பைத் தமிழில் விளக்க முயன்றால் வெளிப்படை, வெளிப்பாடு இரண்டும் ஒவ்வொரு வரியிலும் இடிக்கும். ‘ஊகிக்கத்தக்கது’, ‘ஊகிக்கவியலாமை’ என்பவற்றைப் பரிந்துரைக்கிறேன்.

ஒன்றுக்கு எனக்கு இன்னும் விடை அமையவில்லை. லாரியின் பின்னால், கார் அடியில் புகுந்துவிடாமல் தாழ்வாகக் கட்டும் குறுக்குத் தடுப்பை மோதலேற்பியில் சேர்ப்பதா? ஐ.நா. விதிகளில் அதற்குத் தனி விதி, 58-ஆவது. அதன் முதல் வேலை ஆற்றலை உட்கொள்வது அல்ல, நுழைவைத் தடுப்பது. ‘கீழ்நுழைவுத் தடுப்பு’ என்று தனியாக வைக்கவே மனம் சாய்கிறது. லாரிக்கூடு கட்டும் தொழிலில் இருப்பவர்கள் அதை எப்படி அழைக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். அவர்களிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம்.