அம்மாவின் வார்ஃபரின் மாத்திரை: தமிழில் நம்பகமான தகவல் எங்கே கிடைக்கும்?

எல்லோருக்கும் வணக்கம். இதய வால்வு மாற்றியதிலிருந்து அம்மா, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் வாட்ஸ்அப்பில் யாரோ ‘இந்த மாத்திரை போடுபவர்கள் கீரையே தொடக்கூடாது’ என்று அனுப்ப, முருங்கைக்கீரையை அடியோடு நிறுத்திவிட்டார். எனக்குப் பயமாகிவிட்டது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் தளத்தில் தேடினேன். கீரையில் உள்ள வைட்டமின் கே இந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். அதனால் வழக்கமான அளவை மாற்றாமல் சாப்பிட வேண்டும். திடீரென்று கீரையை நிறுத்தினால் ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் அளவு) ஏறி ரத்தக் கசிவு வரலாம்! உடனே டாக்டரிடம் பேசிவிட்டோம்.

சரி, அந்தத் தளத்தில் மருந்துத் தகவல் ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும்தான் இருக்கிறது. அம்மா எதையும் தானே படித்துப் பார்க்க நினைப்பவர். மருந்து விற்பவர்கள் எழுதாத, தேதி போட்ட, ஜெனரிக் பெயரை (கம்பெனி பெயர் அல்ல, மருந்தின் பொதுப்பெயர்) வைத்துத் தேடக்கூடிய தமிழ்த் தகவல் எங்கே கிடைக்கும்? குழுவில் மருந்தாளுநர்கள் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். அப்புறம், பக்கவிளைவுகளைத் தெரிவிக்கும் 1800-180-3024 என்ற அரசு எண்ணில் யாராவது தமிழில் பேசியிருக்கிறீர்களா? வார்ஃபரினோடு சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயத்தைக் கூட்டும் ஐபுரூஃபன் வலி மாத்திரையை மூட்டுவலிக்கு அம்மா தானாகவே வாங்கிப் போட்டுவிடுவாரோ என்பதுதான் இப்போது என் பெரிய கவலை.