அம்மாவுடன் வரும்போது குளோபல் என்ட்ரி பயன்படுமா?

நீலவானம்:
எனக்கும் மனைவிக்கும் கிரீன் கார்டு, இந்திய பாஸ்போர்ட். எட்டு வயது மகன் அமெரிக்கக் குடிமகன். கோடையில் ஊருக்குப் போய்விட்டு, திரும்பும்போது அம்மாவை பி-2 என்ற பார்வையாளர் விசாவில் அழைத்து வருகிறோம். போன முறை குடியேற்ற வரிசை நகராமல் பையன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். முன்பே சரிபார்க்கப்பட்டவர்களைக் குடியேற்றச் சோதனையில் விரைவாக விடும் குளோபல் என்ட்ரி திட்டத்தில் நான்கு பேரும் சேர்ந்துவிடலாமா? முன்பு பாஸ்போர்ட்டை நாமே வைத்துப் பதில் தட்டும் இயந்திரங்கள் இருந்தனவே, அவை எங்கே?

கடைசிவரிசை:
அவற்றை எடுத்துவிட்டார்கள். இப்போது அந்த விவரங்களைப் போனிலேயே அனுப்ப மொபைல் பாஸ்போர்ட் கன்ட்ரோல் என்ற செயலி இருக்கிறது. கட்டணம் இல்லை. கிரீன் கார்டுக்காரர்களுக்கும் உண்டு. உங்கள் மூவரின் விவரங்களையும் ஒரே போனில் அனுப்பலாம். எல்லா விமான நிலையங்களிலும் கிடையாது, முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட்டில் விசாவோடு வருகிறவர்களுக்கு அது செல்லாது. ஆக, அம்மாவுக்கு இல்லை.

கேட்48:
நண்பரே, பணத்தைக் கட்டுவதற்கு முன் அம்மாவைப் பற்றி யோசியுங்கள். குளோபல் என்ட்ரி ஆளுக்கு ஆள் தனி. கைக்குழந்தைக்கும் தனி உறுப்பினர் எண் வேண்டும். உறுப்பினர் ஒருவர் கூட வருகிறார் என்பதற்காக மற்றவரை அந்த வரிசையில் விடமாட்டார்கள்.

இந்தியக் குடிமக்கள் 2017 முதல் விண்ணப்பிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் இந்தியத் தரப்பிலும் பின்னணிச் சரிபார்ப்பு, பிறகு அமெரிக்க அதிகாரியுடன் நேர்காணல், கைரேகை. எப்போதாவது பேரனைப் பார்க்க வரும் ஒருவரை இந்த அலைச்சலுக்கு ஆளாக்க எனக்கு மனம் வராது. அப்படியானால் அவர் பார்வையாளர் வரிசையில்தான் நிற்பார். எங்கே தங்குவீர்கள், எத்தனை நாள் என்று அதிகாரி கேட்கும்போது அவர் தனியாக விழித்துக்கொண்டு நிற்க, நீங்கள் முகத்தைக் கேமராவுக்குக் காட்டிவிட்டு முன்னால் போய் என்ன செய்யப்போகிறீர்கள்? பெட்டியும் அப்போது வந்திருக்காது. இந்தப் பயணத்துக்கு அது வீண்.

உள்நாட்டு விமானங்களில் அடிக்கடி போகிறீர்களா? அப்படியென்றால் என் பதில் வேறு. குளோபல் என்ட்ரியோடு, விமானம் ஏறும் முன் நடக்கும் பாதுகாப்புச் சோதனையை எளிதாக்கும் ப்ரீசெக்கும் சேர்ந்தே வருகிறது. லேப்டாப்பை வெளியே எடுக்காமல் போகலாம். பெரியவர்களுக்கு 120 டாலர், ஐந்து ஆண்டுகள் செல்லும். 2024 அக்டோபரில் கட்டணத்தை உயர்த்தியபோதே, பெற்றோர் உறுப்பினராக இருந்தால் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை என்றும் மாற்றிவிட்டார்கள். சில கிரெடிட் கார்டுகள் இந்தப் பணத்தைத் திருப்பித் தருகின்றன. கட்டும் முன் உங்கள் கார்டைப் பாருங்கள்.

நம்மவர்களுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி, விசாவில் எஃப்என்யு (முதல் பெயர் தெரியாது என்பதன் சுருக்கம்), டிக்கெட்டில் அப்பா பெயர் முன்னாலோ பின்னாலோ. உறுப்பினர் கணக்கில் உள்ள பெயரும் டிக்கெட்டில் உள்ள பெயரும் ஒத்துப்போகாவிட்டால், எண்ணைக் கொடுத்திருந்தாலும் போர்டிங் பாஸில் ப்ரீசெக் அச்சாகாமல் போகலாம். ஒரு முகவர் என் பெயரைத் தலைகீழாகப் போட்டுவிட்டு, கவுன்டரில் கேட்டுக்கொள்ளுங்கள் என்று சாதாரணமாகச் சொன்னார். கவுன்டரில் இருந்தவர் முகவரைக் கேட்கச் சொன்னார்.

நீலவானம்:
மனைவிக்கு வேலை நிமித்தமாக உள்நாட்டுப் பயணம் நிறைய. அவருக்கு மட்டும் எடுக்கிறோம். நேர்காணலுக்குத்தான் தேதியே கிடைக்காது என்கிறார்களே?

கேட்48:
விண்ணப்பத்தைப் பார்த்து, நேர்காணலுக்கு முன் தரும் நிபந்தனை ஒப்புதல் வந்துவிட்டால் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து இறங்கும்போதே பல விமான நிலையங்களில் அந்த நேர்காணலை முடித்துக்கொள்ளலாம். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, முகவரிக்கு ஓட்டுநர் உரிமம் ஆகியவை கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட் புதுப்பித்தால் கணக்கிலும் மாற்றவேண்டும்.

கடைசிவரிசை:
ஒன்று விட்டுப்போயிற்று. ஊரிலிருந்து பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் கொண்டுவர அனுமதி இல்லை. தாமாகச் சொல்லிவிட்டால் வாங்கிக் குப்பையில் போடுவார்கள், அவ்வளவுதான். மறைத்துப் பிடிபட்டால் அபராதம். குளோபல் என்ட்ரி உள்ளவருக்கு உறுப்பினர் தகுதியே பறிபோகலாம். உங்கள் மனைவி அதை வாங்கிய பிறகு, அம்மா அன்போடு எதையாவது அவர் பெட்டியில் செருகி வைத்திருக்கிறாரா என்று கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.