ரயிலில் தூங்குகிறவரைக் கேட்காமல் படம் எடுக்கலாமா?

நிழல்வண்ணன்:
கியோத்தோவிலிருந்து ஒசாகா போகும் ரயிலில் எடுத்த படம் ஒன்றை இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தேன். கோட் போட்ட நடுத்தர வயது அலுவலக ஊழியர், மடியில் தோல் பை, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்து நல்ல தூக்கம். டை முடிச்சு லேசாகத் தளர்ந்திருக்கிறது. சாயங்கால வெயில் பாதி முகத்தில். பலருக்கும் பிடித்திருந்தது. ஒருவர் மட்டும், அவரிடம் அனுமதி வாங்கினீர்களா, இல்லையென்றால் நீக்கிவிடுங்கள் என்றார். நீக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

கேண்டிட் படத்துக்கு, அதாவது போஸ் கொடுக்காமல் இயல்பாக இருப்பவரை எடுக்கும் படத்துக்கு, உயிரே கேட்காமல் எடுப்பதில்தான் இருக்கிறது. கேட்ட மறு நொடி கழுத்து நிமிரும், உதட்டில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். 1932இல் பாரிஸ் சென் லாசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டிக் குதித்த ஒருவரைப் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-ப்ரெஸோன் எடுத்தார். கேட்டுவிட்டு எடுக்க நினைத்திருந்தால் அந்தப் படமே இருந்திருக்காது. பொது இடத்தில் கண்ணுக்குத் தெரிவதைக் கேமராவும் பார்க்கலாம். இதுதான் என் கட்சி. மறுப்பவர்கள் வாருங்கள்.

மலர்விழி (ஒசாகா):
நான் வேலைக்குப் போய்வருவது அந்தத் தடத்தில்தான். அதில் நானும் தூங்கியிருக்கிறேன். பை எங்கேயும் போகாது, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள் என்று நம்பித்தான் இங்கே எல்லோரும் கண்ணை மூடுகிறார்கள். அந்த நம்பிக்கையைப் பயன்படுத்திக்கொண்டுதான் நீங்கள் படம் எடுத்திருக்கிறீர்கள். விழித்திருப்பவராவது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், கையைக் காட்டி மறுக்கலாம். தூங்குகிறவர் என்ன செய்வார்?

இன்னொன்று. ஜப்பானில் விற்கும் பெரும்பாலான போன்களில் கேமரா சத்தத்தை அணைக்க முடியாது. பெண்களைத் திருட்டுத்தனமாகப் படம் பிடிப்பதைத் தடுக்கத்தான் கம்பெனிகள் அப்படி வைத்திருக்கின்றன. உங்கள் கேமராவில் சத்தமில்லாத ஷட்டர் இருந்திருக்கும். அதைத்தான் பயன்படுத்தினீர்களா?

கியோத்தோவின் கியோன் பகுதியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். மாலை நேரத்தில் மைக்கோ பெண்கள் (விருந்துகளில் ஆடிப் பாடும் கெய்ஷா கலைக்குப் பயில்பவர்கள்) தங்கும் வீட்டிலிருந்து விருந்து நடக்கும் தேநீர் இல்லத்துக்கு நடந்துபோவார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள். காலில் உயரமான மரச்செருப்பு, அதனால் குட்டிக் குட்டியாக வேகமாக அடி வைப்பார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். சுற்றுலாக் கூட்டம் வழியை மறித்து, போனை முகத்துக்கு நேரே நீட்டும், சில பேர் கிமோனோ கையையே பிடித்து இழுப்பார்கள். 2019இல் அங்குள்ள தனியார் சந்துகளில் படம் எடுத்தால் 10,000 யென் அபராதம் என்று பலகை வைத்தார்கள். அப்போதும் அடங்கவில்லை. 2024இல் அந்தச் சந்துகளுக்குள் சுற்றுலாப் பயணிகள் வரவே கூடாது என்று மூடிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பாருங்கள், 'பொது இடம்தானே' என்பார்கள்.

நிழல்வண்ணன்:
சத்தமில்லாத ஷட்டர்தான். தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதற்காக.

கியோனில் நடப்பது துரத்திப் பிடிக்கும் வேலை. அதையும் தெருப் புகைப்படக் கலையையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நான் 35 எம்எம் லென்ஸோடு ஒரே இடத்தில் நிற்பவன். யார் வழியையும் மறிப்பதில்லை. பெண் பிள்ளைகள் பின்னால் ஓடுகிற கூட்டத்துக்கான தண்டனையை எனக்கு ஏன் தருகிறீர்கள்? ஜப்பானில் தெருவில் படம் எடுக்கக் கூடாது என்று சட்டமும் கிடையாது.

கோவை ரமணன்:
சட்டப் பேச்சு வந்துவிட்டதால் நானும் வருகிறேன், தொழில் அதுதான். தடைச் சட்டம் இல்லை என்பது பாதி உண்மை. கியோத்தோவில் நடந்த மாணவர் ஊர்வலத்தைப் போலீஸ் படம் எடுத்த வழக்கில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் 1969இல் தீர்ப்பு சொன்னது. சம்மதமின்றித் தன் முகம் படமாக்கப்படாமல் இருக்கும் சுதந்திரம் எல்லோருக்கும் உண்டு என்று அதில் ஏற்றுக்கொண்டது (அந்த வழக்கில் போலீஸ் செய்தது சரிதான் என்றும் முடித்தது, அது வேறு விஷயம்). இடம், நோக்கம், எடுத்த விதம் எல்லாம் பார்த்து, சமூக வாழ்வில் ஒருவர் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவைத் தாண்டிவிட்டதா என்று எடைபோட வேண்டும் என்பது அதே நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பு. ஜெயில் இல்லை, ஆனால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம்.

எல்லைக்கு எல்லை இது மாறும். ஹங்கேரியில் 2014 முதல் நடப்பில் உள்ள சிவில் சட்டப்படி படம் எடுப்பதற்கே சம்மதம் வேண்டும். நியூயார்க்கில் நேர்மாறு. டைம்ஸ் சதுக்கத்தில் தன்னை எடுத்த படத்தைக் கண்காட்சியில் வைத்துவிட்டார்கள் என்று ஒரு யூதப் பெரியவர் தொடுத்த வழக்கு 2006இல் தள்ளுபடியானது.

எனக்கு முக்கியமாகப் படுவது ஜெர்மனியின் 2018 தீர்ப்பு. பெர்லினில் சாலையைக் கடந்த ஒரு பெண்ணின் படம். தெருப் புகைப்படம் கலைச் சுதந்திரத்துக்குள் வரும் என்று அரசியல் சட்ட நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதைப் பெரிய அளவில், வண்டியும் ஜனமும் போகும் சாலையோரத்தில் மாட்டியதை அனுமதிக்க முடியாது என்ற கீழ்க்கோர்ட்டு முடிவை மாற்றவில்லை. ஆகவே எடுப்பது ஒன்று, வெளியே மாட்டுவது வேறொன்று. நிழல்வண்ணன், நீங்கள் இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறீர்கள்.

பரணி, துபாய்:
இங்கே புதிதாக வரும் நம் ஊர்ப் பையன்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான். அமீரகத்தின் 2021 இணையக் குற்றச் சட்டப்படி, ஒருவருடைய அந்தரங்கத்தில் தலையிடும் விதமாகச் சம்மதமில்லாமல் படம் எடுத்தாலோ பகிர்ந்தாலோ குறைந்தது 6 மாதச் சிறை, அல்லது 1,50,000 முதல் 5,00,000 திர்ஹம் வரை அபராதம், அல்லது இரண்டும். கலை என்று விளக்கம் சொல்ல நேரம் கிடைக்காது. வீசா போய்விடும்.

செல்வி மதுரை:
சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் என் அம்மா தலை முழுகிவிட்டு, நனைந்த சேலையோடு கரையேறி வந்தபோது, வெளிநாட்டுக்காரர் ஒருவர் நீளமான லென்ஸை வைத்து எடுத்துக்கொண்டே இருந்தார். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்தினார், அதையும் எடுத்தார். எங்களுக்கு அவர் பாஷை தெரியாது. சத்தம் போடுவதற்குள் வேனில் ஏறிப் போய்விட்டார். அந்தப் படம் எந்த நாட்டில், யார் வீட்டுச் சுவரில் தொங்குகிறது என்று இன்றுவரை தெரியாது. அவரும் பொது இடம், இயல்பான தருணம் என்றுதான் நினைத்திருப்பார். இப்போது நாம் வெளிநாடு போகும் அளவுக்கு வசதி வந்ததும் அதே வேலையை நாமும் செய்ய வேண்டுமா அண்ணா?

மலர்விழி (ஒசாகா):
செல்வி சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. உள்ளூரில் எடுத்தால் நாளைக்கு அதே தெருவில் அவர் உங்களைப் பிடித்துக் கேட்க முடியும். பயணி விமானம் ஏறிவிடுகிறார். தமிழில் தலைப்பு போட்ட பக்கத்தில் தன் முகம் இருப்பது அந்த ஒசாகா ஊழியருக்கு எப்படித் தெரியும்? தெரிந்தாலும் எந்த மொழியில் உங்களிடம் நீக்கச் சொல்வார்? கேள்வி கேட்க முடியாதவரிடம் எடுக்கும்போது நாமே கூடுதல் கண்டிப்போடு இருக்க வேண்டும்.

நிழல்வண்ணன்:
செல்வி, உங்கள் அம்மாவுக்கு நடந்தது அநியாயம். அவர் முந்தானையை இழுத்த நொடியே கேமரா கீழே இறங்கியிருக்க வேண்டும். மறுப்பைப் பார்த்த பிறகும் எடுப்பவனை நான் புகைப்படக்காரன் என்றே சொல்ல மாட்டேன். குளிக்கிறவர்கள், அழுகிறவர்கள், மருத்துவமனை வாசலில் நிற்பவர்கள், இவர்களை நான் எடுப்பதில்லை.

ஆனால் எல்லாவற்றையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று வந்துவிட்டால் மிஞ்சுவது போஸ் கொடுத்த உலகம் மட்டும்தான். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் துவானோ 1950இல் பாரிஸ் நகர மன்றத்தின் முன் எடுத்த முத்தப் படத்தைப் பாருங்கள். தெருவில் தானாக நடந்தது என்று நாற்பது வருஷத்துக்கும் மேல் உலகமே நம்பியது. 1993இல் வழக்கு வந்தபோதுதான் நடிப்பு கற்றுக்கொண்டிருந்த ஜோடியை வைத்து எடுத்தது என்று வெளிப்பட்டது. எனக்கு அந்த ஏமாற்று வேண்டாம்.

மலர்விழி (ஒசாகா):
அதே படத்தை நான் வேறு மாதிரி பார்க்கிறேன். துவானோ முதலில் அந்த ஜோடி முத்தமிட்டதைப் பார்த்தார், அப்புறம் போய்க் கேட்டார், அவர்கள் மறுபடி செய்து காட்டினார்கள். சம்மதம் வாங்கியதால் படம் செத்துவிடவில்லையே. தவறு என்றால் அதைச் சொல்லாமல் விட்டதுதான்.

கோவை ரமணன்:
கனடா வழக்கு ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மான்ட்ரியாலில் கட்டட வாசற்படியில் உட்கார்ந்திருந்த 17 வயதுப் பெண்ணை எடுத்து ஒரு கலைப் பத்திரிகை வெளியிட்டது. தவறாகக் காட்டும் எதுவும் அதில் இல்லை. விற்றது 722 பிரதிகள். ஆனால் கூடப் படிக்கிறவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். 1998இல் உச்ச நீதிமன்றம் அவருக்கு 2,000 டாலர் நஷ்டஈட்டை உறுதிசெய்தது. சாதாரணப் படம்தானே என்பது எடுத்தவரின் கணக்கு.

நிழல்வண்ணன்:
சரி, என் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். எடுப்பதை நிறுத்த மாட்டேன், கேட்காமல்தான் எடுப்பேன். ஆனால் ரமணன் பிரித்துக் காட்டியதை ஏற்கிறேன். இன்ஸ்டாகிராமிலிருந்து அந்தப் படத்தை இன்று நீக்குகிறேன், அங்கே அது யார் கைக்கெல்லாம் போகும் என்பது என் கட்டுப்பாட்டில் இல்லை. சென்னையில் நடக்கவிருக்கும் குழுக் கண்காட்சியில் அச்சுப் பிரதியாக வைப்பேன்.

செல்வி மதுரை:
சென்னையில் வைத்தால் அவர் பார்க்கப்போவதில்லை, அதனால் உங்களுக்குச் சிரமமில்லை. ஒசாகாவில் வைப்பீர்களா?

நிழல்வண்ணன்:
வைப்பேன். அவரே வந்து நின்று பார்த்தால் பிரதியை அவரிடமே கொடுத்துவிடுவேன். இடம் இருந்தால் மலர்விழி சொல்லட்டும்.

மலர்விழி (ஒசாகா):
சின்னச் சின்னக் காட்சிக்கூடங்கள் உண்டு, விசாரிக்கிறேன். ஆனால் இங்கே புகைப்படப் போட்டி விதிகளில், படத்தில் இருப்பவரின் சம்மதத்தை நீங்களே வாங்கியிருக்க வேண்டும் என்று பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். கூடத்துக்காரரும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார் என்று நினைக்கிறேன். என்ன பதில் சொல்லட்டும்?