புதுப்பிப்பு: 'மெட்டடோர்' ஏன் 15 ஆண்டுகள் பெட்டியில் கிடந்தது?

ஜாஸ் கிட்டார் கலைஞர் கிராண்ட் கிரீனின் 'மெட்டடோர்' இசைத்தட்டு 1964 மே மாதம் பதிவாகி, 1979-இல்தான் ஜப்பானில் முதன்முதலாக வெளிவந்தது. பியானோவில் மெக்காய் டைனர், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ் என்று பெயர்பெற்ற கலைஞர்கள் வாசித்த ஒன்றை ஏன் முடக்கிவைத்தார்கள் என்று முன்பு கேட்டிருந்தேன். என் பிரதி முதல் பதிப்புதானா என்பதும் கேள்வி.

முதலாவதற்கு முழு விடை இல்லை. இதைப் பதிவு செய்த புளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் நிறுவனர் ஆல்ஃபிரட் லயன் வெளியிட முடிந்ததைவிட அதிகமாகப் பதிவு செய்தவர். 1975 முதல் தயாரிப்பாளர் மைக்கேல் கஸ்கூனா அந்த நிறுவனத்தின் நாடாக் கிடங்கைத் துழாவியிராவிட்டால் இவற்றில் பல இன்னும் அங்கேயேதான் இருந்திருக்கும்.

இரண்டாவதற்கு, புளூ நோட்டின் பழைய இசைத்தட்டுகளை அச்சிட்ட பிளாஸ்டிலைட் ஆலையின் காது போன்ற முத்திரையைத் தேடச் சொன்னார்கள். இசைத்தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, கடைசி வரிப்பள்ளத்துக்கும் லேபிளுக்கும் இடைப்பட்ட வழுவழுப்பான வளையத்தைப் பார்த்தேன். காது இல்லை. இருக்கவும் கூடாது! அந்த முத்திரை 1966-ஓடு நின்றுவிட்டது. எனவே இந்தச் சோதனை இங்கே எதையும் நிரூபிக்காது. வரிசை எண்ணும் ஜப்பானிய உறையும் பொருந்துகின்றன; அது போதும்.

தொலைந்த நாடாக்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் 1963 மார்ச் 6 பதிவு 2018-இல் வெளிவரக் காரணம், ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர், கோல்ட்ரேன் தன் வீட்டில் கேட்பதற்காகக் கொடுத்தனுப்பிய மோனோ (ஒற்றைத் தட ஒலி) நாடா. கோல்ட்ரேனின் முதல் மனைவி நயீமாவின் குடும்பத்தாரிடம் அது இருந்தது. ஆகவே நிறுவனக் கிடங்குகளை மட்டும் நம்பிப் பயனில்லை. அடுத்து, கிரீனின் 'சாலிட்'. அதுவும் 1964 பதிவு, 1979 வெளியீடு.